அண்ணன் மேல் சத்தியம்

சங்கிலிப்பாண்டி அந்த விஷயத்தை யாரிடமும் சொல்லாமல் அறுபத்தொரு மணி நேரத்தைக் கடத்திவிட்டார். வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மகளின் செல்போனில் அது வந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. கடையத்திலிருந்து குற்றாலம் போகும் வேனின் முன் சீட்டில், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கிறவர்களுக்குப் பல்வலி என்று தோன்றும்.

பின் சீட்டில் இருந்த மகள் யோகலட்சுமிக்கு அது பல்வலி இல்லை என்று தெரியும்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கு அண்ணன் வருதாரு. நீங்க என்னன்னா எழவு வீட்டுக்குப் போற மாதிரி வாரீய?" என்றான் வேனை ஓட்டிய முகம்மது ஆசிக். மதிராஜன் ரசிகர் மன்றத்தின் நகரச் செயலாளர் அவன். சங்கிலிப்பாண்டி ஒன்றியச் செயலாளர்.

"ஒரு விசயம் இருக்குடே. ஆனா ஒண்ணும் கிடையாது."

"இருக்கா, கிடையாதா?"

"இருக்கு. கிடையாது."

"அவருகிட்ட ஒண்ணும் கேக்காத தம்பி," என்றாள் அவர் மனைவி உமாராணி. "ரெண்டு நாளா வாய் லீவுல இருக்கு. வீடு நிம்மதியா கெடக்கு."

வேனுக்குள் எல்லோரும் சிரித்தார்கள். சங்கிலிப்பாண்டி சிரிக்கவில்லை. யோகலட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த வாய்க்குப் பூட்டைப் போட்டவள் அவள்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், வேறொரு வேலைக்கான தேர்வின் தற்காலிகப் பட்டியலில் அவள் பெயர் வந்தது. 'தற்காலிக' என்ற சொல் சங்கிலிப்பாண்டியின் கண்ணில் படவில்லை. மறுநாள் காலையில் கடையம் பேருந்து நிலையத்தில் ஒரு ஃபிளெக்ஸ் எழுந்து நின்றது. அதில் முக்கால் பங்கு நடிகர் மதிராஜன். சிரித்த முகமாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய முழங்கைக்குக் கீழே யோகலட்சுமியின் பாஸ்போர்ட் படம். 'ஒன்றியச் செயலாளர் பெற்ற தவப்புதல்வியே, அரசுப் பணியை அலங்கரிக்க வருக' என்று போட்டிருந்தது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் லட்டு.

மாதக் கடைசியில் இறுதிப் பட்டியல் வந்தது. அதில் அவள் இல்லை.

சங்கிலிப்பாண்டியே ஏணி வைத்து ஏறி ஃபிளெக்ஸை அவிழ்த்தார். கெட்டியான பொருள், வீணாகக் கூடாது என்று தோட்டத்தில் எலுமிச்சைக் குவியலுக்கு மூடாக்குப் போட்டார். அவள் தோட்டத்துக்குப் போன போதெல்லாம் பழக்குவியலின் மேல் அவள் முகம் மழையில் நனைந்துகொண்டிருந்தது. ஊரில் யாரும் கேலி செய்யவில்லை. "போகட்டும்மா, அடுத்தது பாத்துக்கிடலாம்" என்றுதான் சொன்னார்கள். கேலி செய்திருந்தாலாவது பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவள் பேருந்து நிலையத்துக்குப் போகாமல், ஒரு நிறுத்தம் தள்ளி நடந்துபோய் பஸ் ஏறினாள்.

அதனால்தான் இந்த முறை, வியாழக்கிழமை, செல்போனை அவரிடம் காட்டுவதற்கு முன்பே கையை நீட்டினாள்.

"ஆர்டர் கையில வார வரைக்கும் மூச்சு விடக் கூடாது. சத்தியம் பண்ணுங்கப்பா."

"உம்மேல சத்தியம்ட்டி."

"எம்மேல பண்ணதெல்லாம் எத்தனை நிக்குது?"

"சரி, அம்மன் மேல."

"அம்மனுக்கு ஒரு பொங்கல வச்சுச் சரிக்கட்டிருவாரு," என்றாள் உமாராணி அடுப்படியிலிருந்து.

அது உண்மைதான். சங்கிலிப்பாண்டி எதன் மேல் செய்த சத்தியத்துக்கும் ஒரு பரிகாரம் வைத்திருப்பவர். யோகலட்சுமி கொஞ்சம் யோசித்தாள். பீரோக் கதவைப் பார்த்தாள். கதவு முழுக்க மதிராஜன் ஒட்டியிருந்தார்.

"அவரு மேல பண்ணுங்க."

சங்கிலிப்பாண்டியின் முகம் வெளுத்துப் போயிற்று. "அவரு மேலயா? நல்லா இருக்குற மனுசன் மேல எதுக்குட்டி?" என்றார். வேறு வழியில்லாமல் போனபோது, பீரோக் கதவில் கையை வைத்துக் கண்ணை மூடிச் சத்தியம் செய்தார். அப்புறம்தான் செல்போனைப் பார்த்தார். பார்த்ததும் கத்தப் போனவர், கதவில் இருந்த முகத்தைப் பார்த்துவிட்டு, தலையணையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு கத்தினார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்கு 'அந்த விஷயம்' என்றே பெயர். மூன்று பேரைத் தாண்டி அது வெளியே போகவில்லை. சந்தையில் எலுமிச்சை வியாபாரிகள் கேட்டார்கள், என்ன பாண்டி, முகம் ஒரு மாதிரி இருக்கே என்று. அவர் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார். யோகலட்சுமிக்கு முதல் நாள் நிம்மதியாக இருந்தது. இரண்டாம் நாள் அப்படி இல்லை. மதிராஜன் படம் நூறு நாள் ஓடியதற்கு ஊரையே கூட்டி வெடி போட்ட மனுஷர், சொந்த மகளுக்கு நல்லது நடந்திருக்கும்போது துண்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பார்க்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அந்த ஃபிளெக்ஸும் நினைவுக்கு வந்தது. ஆர்டர் வராமல் போனால் இன்னொரு முறை ஊர் முழுக்க 'போகட்டும்மா' சொல்லும். அதை அவளால் தாங்க முடியாது.

மாநாடு சாயங்காலம் நான்கு மணிக்குத் தென்காசியில். மாநிலம் முழுவதிலுமிருந்து வேன்கள் வந்துகொண்டிருந்தன. சீசன் நேரம், குற்றாலம் வரை வந்துவிட்டு அருவியில் தலை நனைக்காமல் போவதா என்று எல்லா வேனும் காலையில் அருவிக்குத்தான் போயிற்று. ஆசிக் ஐந்தருவிக்கு ஓட்டினான். இறங்கும்போது ஆளுக்கொரு மன்றத் துண்டு கொடுத்தான். மஞ்சள் துண்டு, நடுவில் மதிராஜன் முகம், கீழே 'மாநில மாநாடு' என்று அச்சடித்திருந்தது.

"இத வச்சுத் துவட்டிராதீய. சாயம் போகும்," என்றான்.

சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. தண்ணீர் வெளியே தெறிக்கிற அளவுக்கு வந்தது. பெண்கள் பக்கம் கூட்டம் குறைவு. யோகலட்சுமியும் அம்மாவும் சீக்கிரம் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு மேலே வந்து, டீக்கடையை ஒட்டி நின்றார்கள். ஆண்கள் பக்கம் வரிசை நீளமாக இருந்தது. அங்கே எல்லோரும் ஒரே மாதிரி இருந்தார்கள். இடுப்பில் ஒரு துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய். கலெக்டரா கண்டக்டரா என்று சொல்ல முடியாது.

அந்த வரிசையிலிருந்துதான் சங்கிலிப்பாண்டியின் குரல் கேட்டது. இரண்டு நாளாக அடைந்து கிடந்த குரல், வழி கிடைத்ததும் வெள்ளமாக வந்தது.

"யோவ், வரிசையில வாரும்! நாங்க என்ன இங்கன வேடிக்கை பாக்கவா நிக்கோம்?"

வயிறு சரிந்த, முன்மண்டை வழுக்கையான ஒருவர், எண்ணெய் வடிய வடிய, "இல்லீங்க, இங்கதான் நின்னுட்டிருந்தேன். சோப்பு எடுக்கப் போனேன்," என்றார்.

"சோப்பா? அருவியில சோப்புப் போடக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்காம்லா. படிக்கத் தெரியாதா? எந்த ஊரு?"

"சென்னைங்க."

"அதான். இங்க பாரும், இன்னைக்கு எங்க அண்ணன் மதிராஜன் வாராரு. ஊர் பூரா அவருக்காக வந்த கூட்டம். அவரு பேரைக் கெடுக்குற மாதிரி ஒருத்தன் இங்க வரிசை தப்பக் கூடாது. பின்னால போம்."

அந்த மனிதர் பின்னால் போனார். கடைசியாகப் போய் நின்றார். யோகலட்சுமிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. குளித்து முடித்து சங்கிலிப்பாண்டி மேலே ஏறி வந்தபோது, அவருக்குப் பின்னாலேயே அந்த மனிதரும் வந்தார். அவசர அவசரமாக நனைந்துவிட்டு வந்திருக்கிறார் போல. மேலே வந்து நின்று இங்கும் அங்கும் யாரையோ தேடினார். குளிரில் தாடை நடுங்கியது.

"கூட வந்த பையன் துண்டெடுக்கக் காருக்குப் போனான். ஆளையே காணோம்," என்றார் பொதுவாக.

சங்கிலிப்பாண்டிக்குக் கோபம் வருகிற வேகத்தில் இரக்கமும் வரும். "குளிருல செத்துப் போவீரு. இந்தாரும்," என்று உமாராணியிடம் கொடுத்துவைத்திருந்த தன் மன்றத் துண்டை வாங்கி நீட்டினார். "பாத்துத் துவட்டணும். அண்ணன் படம் இருக்கு."

அவர் துண்டை விரித்தார். அதில் இருந்த முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு அதை வைத்துத் தலையைத் துவட்ட ஆரம்பித்தார்.

உமாராணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கணவரின் கையைக் கிள்ளினாள்.

"ஏங்க. இது உங்க அண்ணன்லா?"

"எந்த அண்ணன்?"

"அந்தக் காதைப் பாருங்க. இடது காது. மடங்கி இருக்குல்லா. இருபது வருசமா பீரோவத் தொறக்கும்போதெல்லாம் அந்தக் காது மேலதான் கைய வைக்கேன். எனக்குத் தெரியாதா?"

சங்கிலிப்பாண்டி காதைப் பார்த்தார். துண்டில் இருந்த காதைப் பார்த்தார். மறுபடியும் காதைப் பார்த்தார். மேல் நெற்றியில் இருக்க வேண்டிய சுருட்டை முடியைத் தேடினார். அது அங்கே இல்லை. படத்தில் மட்டும் இருந்தது.

"அண்ணே," என்றார்.

அந்த மனிதர் துண்டை வாயருகே பிடித்துக்கொண்டு, "சத்தம் போடாதீங்க அண்ணாச்சி. ப்ளீஸ்," என்றார். "இருபத்தஞ்சு வருஷத்துல முதல் தடவையா வரிசையில நின்னு குளிச்சிருக்கேன். நீங்க பின்னால அனுப்புனதாலதான். நல்லா இருந்துச்சு."

"உங்களை நான் யோவ்னு…"

"அதுவும் முதல் தடவைதான்."

உமாராணி அவரைப் பிடித்து டீக்கடைப் பெஞ்சில் உட்கார வைத்தாள். மதிராஜனும் பக்கத்தில் உட்கார்ந்தார். கடைக்காரர் நான்கு டீ கொண்டுவந்தார். யாரென்று அவருக்குத் தெரியவில்லை. வாழைக்காய் பஜ்ஜியும் வந்தது. மதிராஜன் இரண்டு சாப்பிட்டார். சங்கிலிப்பாண்டி தன் கையில் இருந்த பஜ்ஜியைச் சாப்பிடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"டீயக் குடிங்க. இல்லன்னா மயக்கம் போட்டு விழுவீங்க," என்றாள் உமாராணி. பிறகு மதிராஜனைப் பார்த்து, "கோவிச்சுக்காதீங்க. உங்க படம்னா மொத நாள் மொத ஷோ சோறு தண்ணி இல்லாமப் போயிருவாரு. ஆனா எனக்கு என்னமோ உங்க கடைசிப் படம் புடிக்கல," என்றாள்.

"எனக்கும்தான்," என்றார் மதிராஜன். "பொண்ணா?"

"எங்க மக. யோகலட்சுமி."

யோகலட்சுமி வணக்கம் சொன்னாள். அதாவது கையைக் கூப்பினாள். குரல் வரவில்லை.

"என்ன படிச்சிருக்கம்மா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். பொதுவாக அவளுக்கான பதில்களை அவர்தான் சொல்வார்.

"பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி அண்ணே. காலேஜுல தங்கப் பதக்கம். யுனிவர்சிட்டியில மூணாவது," என்றார் சங்கிலிப்பாண்டி. அவரைக் கேட்காமலே குரல் உயர்ந்தது. அடைப்பு உடைகிறது என்று யோகலட்சுமி பயந்தாள்.

"பிரமாதம். இப்ப என்ன பண்றாங்க?"

சங்கிலிப்பாண்டி வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த மனிதரின் காதைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், குளிரில் நடுங்கும் தோளைப் பார்த்தார். இப்போது அது பீரோக் கதவு இல்லை. டீ குடித்துக்கொண்டிருக்கிற ஆள்.

"இப்ப… வீட்டுலதான் இருக்கா அண்ணே," என்றார்.

அதைச் சொல்ல அவர் பட்ட பாட்டை யோகலட்சுமி பார்த்தாள். பொய் சொல்லிப் பழகாத முகம். மதிராஜன் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டார்.

இதற்குள் ஆசிக்கும் மன்றத்து ஆட்களும் குளித்துவிட்டு மேலே வந்துவிட்டார்கள். ஆசிக் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டான். அவ்வளவுதான். பெஞ்சைச் சுற்றி மஞ்சள் துண்டுகளாக நிறைந்தது. செல்போன்கள் உயர்ந்தன. மதிராஜன் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்து நின்றார். எழுந்தபோது ஆளே மாறியிருந்தார். தோள் நிமிர்ந்து, குரல் கனத்து, திரையில் பார்க்கிற ஆளாகிவிட்டார்.

"எல்லாரும் கேளுங்க," என்றார், சங்கிலிப்பாண்டியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு. "இவரு என்னை வரிசையில நிக்க வச்சாரு. குளிர்ல துண்டு குடுத்தாரு. இவரு பொண்ணு தங்கப் பதக்கம் வாங்கிட்டு வேலையில்லாம வீட்டுல இருக்கு. இதுக்கு நான் ஏதாவது செய்யணும். எனக்குத் தெரிஞ்ச கம்பெனி நாலு இருக்கு. இன்னைக்கு சாயங்காலம் மேடையில இவர் பேரைச் சொல்லி, அந்தப் பொண்ணுக்கு வேலை வாங்கித் தரேன்னு அறிவிக்கப் போறேன்."

விசில் பறந்தது. ஆசிக் சங்கிலிப்பாண்டியைக் கட்டிப் பிடித்துத் தூக்கினான். "அண்ணாச்சி! மேடையில உங்க பேரு!"

இருபது வருஷமாக ஒரு மனிதர் கனவில் கண்டது அதுதான். மாநில மாநாடு, பெருங்கூட்டம், அண்ணன் வாயால் தன் பெயர். யோகலட்சுமி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் சந்தோஷம் இல்லை.

"வேண்டாம்ண்ணே," என்றார் சங்கிலிப்பாண்டி.

விசில் பாதியில் நின்றது.

"கூச்சப்படாதீங்க அண்ணாச்சி. ஒரு போன்தான்."

"வேண்டாம். எம் மகளுக்கு யார் சிபாரிசும் வேண்டாம். உங்க சிபாரிசும் வேண்டாம்."

"அண்ணாச்சி, யாருகிட்ட வேண்டாம்ங்கீய?" என்று ஆசிக் அவர் கையைப் பிடித்து இழுத்தான். பின்னாலிருந்து யாரோ, "திமிரப் பாரு. பிள்ளை வீட்டுல சும்மா கெடக்கு, வார வேலைய வேண்டாங்காரு," என்றான்.

சங்கிலிப்பாண்டியின் காது சிவந்தது. மதிராஜனும் முகம் சுருங்கிக் கேட்டார். "ஏன், நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்லண்ணே. ஒரு விசயம் இருக்கு. ஆனா சொல்ல முடியாது. உங்க மேல சத்தியம் பண்ணியிருக்கேன்."

"என் மேலயா?"

"ஆமா. வியாழக்கிழமை. உங்க தலையில கைய வச்சு. பீரோவுலதான், ஆனாலும் உங்க தலைதான். இப்ப நான் வாயைத் தொறந்தா உங்களுக்கு ஏதாச்சும் ஆயிரும்."

கூட்டம் மதிராஜனைப் பார்த்தது. அவர் சிரித்துவிட்டு, சும்மா சொல்லுங்க என்பார் என்று யோகலட்சுமி நினைத்தாள். மதிராஜன் சிரிக்கவில்லை. அவர் கை தானாகத் தலைக்குப் போயிற்று.

"அப்ப சொல்லாதீங்க அண்ணாச்சி," என்றார் மெதுவாக. "அடுத்த மாசம் படம் ரிலீஸ்."

"அதாண்ணே, நானும் நினைச்சேன்," என்றார் சங்கிலிப்பாண்டி. அவர் கண் கலங்கிவிட்டது. "நீங்க நல்லா இருக்கணும். என்னை என்ன வேணும்னாலும் சொல்லட்டும்."

உமாராணி மகளைப் பார்த்தாள்.

கூட்டத்தில் இத்தனை முகங்கள், இத்தனை செல்போன்கள். எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தன. இப்போது சொன்னால் ஃபிளெக்ஸ் தேவையில்லை. மதியத்துக்குள் கடையம் முழுக்கப் போய்விடும். நாளைக்கு ஆர்டர் வராவிட்டால் மறுபடியும் எல்லோரும் அவளைப் பார்த்து அந்தப் 'போகட்டும்மா'வைச் சொல்வார்கள். சொல்லட்டும். இங்கே ஒருத்தன் அவள் அப்பாவைத் திமிர் பிடித்தவர் என்று சொல்லியிருக்கிறான். அவரும் அதை வாங்கிக்கொண்டு நிற்கிறார், அவள் போட்ட பூட்டுக்காக.

சத்தியம் செய்தவர் அப்பா. அவள் யார் மேலும் சத்தியம் செய்யவில்லை.

பெஞ்சை ஒட்டி முன்னால் வந்தாள். சொன்னாள். அருவி இரைச்சலில் அது அவளுக்கே கேட்கவில்லை.

"என்னம்மா?" என்று மதிராஜன் மடங்கிய காதைக் கையால் குவித்துக்கொண்டு குனிந்தார்.

"ஏட்டி, வேண்டாம்," என்றார் சங்கிலிப்பாண்டி. "ஆர்டர் வரல."

"பரவாயில்லப்பா."

யோகலட்சுமி மூச்சை இழுத்தாள். கல்லூரியில் மேடையேறிப் பதக்கம் வாங்கியபோதுகூட நன்றி என்று உதட்டை மட்டும் அசைத்தவள் அவள். இப்போது அவளிடமிருந்து வந்த குரல் அப்பாவுடைய குரல் மாதிரியே இருந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் சங்கிலிப்பாண்டி மக! எனக்கு மகேந்திரகிரியில, ராக்கெட் இன்ஜின் சோதனை பண்ணுற இடத்துல, சயின்டிபிக் அசிஸ்டென்ட் வேலை கிடைச்சிருக்கு!"